போதகர் சொன்னதைச் செய்ய மறுத்தால் தேவனுக்கே கீழ்ப்படியாதவன் ஆகிவிடுவேனா?

கேள்வி: சபைக் கணக்கன்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபையின் பொருளாளர் பொறுப்பு சில வருடங்களாக என்னிடம் இருக்கிறது. சிறிய சபை. ஆராதனை முடிந்ததும் இரண்டு பேர் சேர்ந்து காணிக்கையை எண்ணுவோம், நோட்டில் எழுதுவோம், இருவரும் கையெழுத்துப் போடுவோம். இதுவரை ஒரு பிரச்சினையும் வந்ததில்லை.

சமீபத்தில் சபையில் ஒரு குடும்பத்தின் மருத்துவச் செலவுக்காக விசேஷ காணிக்கை எடுத்தோம். ஜனங்கள் உறையின் மேல் அந்தக் குடும்பத்தின் பெயரையே எழுதிக் கொடுத்தார்கள். நினைத்ததைவிட அதிகமாகச் சேர்ந்தது. போதகர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பாதியை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு மீதியைக் கட்டட நிதியில் வரவு வைத்துவிடுங்கள், சபையில் அறிவிக்க வேண்டாம் என்றார். அவர் தன் செலவுக்கு ஒரு பைசா எடுக்கவில்லை, அதை நான் சொல்லியாக வேண்டும். ஆனால் கொடுத்தவர்கள் கட்டடத்துக்குக் கொடுக்கவில்லை. "சபையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யலாமே ஐயா" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "நான் உன் ஆவிக்குரிய தகப்பன். என் வார்த்தைக்கு விரோதமாக நிற்பது தேவனுக்கு விரோதமாக நிற்பது. தாவீது சவுல்மேல் கை போட்டானா? அபிஷேகம்பண்ணப்பட்டவனைத் தொடாதே" என்றார். அடுத்த ஞாயிறு பிரசங்கமும் அதே வசனத்தில்தான் இருந்தது. பெயர் சொல்லவில்லை, ஆனால் என் மனைவிக்குக்கூடப் புரிந்துவிட்டது.

எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் அவர். என் அப்பா சாகக் கிடந்தபோது இரவெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபித்தவர். அதனால் அவர்மேல் கோபம் வரவில்லை. பயம்தான் வருகிறது. அவருடைய அதிகாரத்தைவிட்டு வெளியே போனால் ஆசீர்வாதத்தைவிட்டே வெளியே போய்விடுவேனோ என்ற பயம். மறுபக்கம், அந்த நோட்டில் அப்படி எழுத என் கை வரமாட்டேன் என்கிறது.

ஒரு ஊழியக்காரருடைய ஆவிக்குரிய அதிகாரம் எங்கிருந்து வருகிறது? எதுவரை போகும்? வேதத்திலிருந்து சொல்லுங்கள்.

பதில்: ஜெபவாசல்

சகோதரரே, எபிரெயர் 13:17-ஐ வாசியுங்கள். நம்மை நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படிந்து அடங்கியிருக்கும்படி தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அவர்கள் நம் ஆத்துமாக்களுக்காகக் கணக்கு ஒப்புவிக்கப்போகிறவர்கள். அவர் தவறாகச் சொல்லியிருந்தால் அந்தக் கணக்கை அவரே கொடுப்பார். நீங்கள் கீழ்ப்படிந்ததற்குத் தேவன் உங்களைக் கேட்க மாட்டார். எண்ணாகமம் 16-இல் மோசேக்கு விரோதமாக எழும்பிய கோராகின் கூட்டத்தை நிலம் விழுங்கியது. முறுமுறுப்பு மிகவும் ஆபத்தானது. சொன்னபடி எழுதிவிட்டு ஜெபத்தில் வையுங்கள். தேவன் அவரோடு பேசுவார்.

பதில்: ஓய்வுபெற்ற ஆயர்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததிலிருந்து மனம் அதிலேயே இருக்கிறது. நானும் வாழ்நாளில் பெரும்பகுதி மேடையில் நின்று பேசியவன். மேடையில் நிற்கிறவனுக்கு இந்த வசனங்கள் எவ்வளவு வசதியானவை என்று எனக்குத் தெரியும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டீர்கள். சுவிசேஷங்களில் இதை மிகச் சரியாகப் புரிந்துகொண்டவன் ஒரு ரோமப் போர்வீரன். கப்பர்நகூமில் இருந்த நூற்றுக்கு அதிபதி. மத்தேயு 8-இல் அவன் இயேசுவிடம் தன்னைப்பற்றிச் சொல்லும்போது முதலில் என்ன சொல்கிறான் பாருங்கள்: "நான் அதிகாரத்துக்குக் கீழ்ப்பட்டவனாயிருந்தும், எனக்குக் கீழ்ப்பட்டிருக்கிற சேவகருமுண்டு." எனக்கு மேலே ஒருவர் இருக்கிறார் என்பது முதலில், எனக்குக் கீழே ஆட்கள் இருக்கிறார்கள் என்பது அப்புறம். அவன் 'போ' என்றால் சேவகன் போவது ஏன்? அந்தச் சொல்லுக்குப் பின்னால் மேலிடத்தின் கட்டளை நிற்கிறது. மேலே இருக்கிறவருக்கு அடங்காமல் அவன் தானாக ஒரு கட்டளை போட்டால், அது வெறும் ஒரு மனிதனின் சத்தம். இயேசுவிடம் அவன் கண்டுகொண்டது இதைத்தான். பிதாவுக்கு முழுக்கக் கீழ்ப்பட்டவர், அதனால் இவர் ஒரு வார்த்தை சொன்னால் வியாதியும் கேட்கும். இஸ்ரவேலிலும் இப்படிப்பட்ட விசுவாசத்தைக் காணவில்லை என்று ஆண்டவர் ஆச்சரியப்பட்டது இந்த மனிதனைப் பார்த்துத்தான்.

ஆண்டவருடைய வாழ்க்கையிலேயே இன்னொன்றைக் கவனியுங்கள். வனாந்தரத்தில் பிசாசு உலகத்தின் ராஜ்யங்களையெல்லாம் காட்டி, இவைகளின்மேல் உனக்கு அதிகாரம் தருகிறேன் என்கிறான். குறுக்குவழி. பிதாவின் சித்தத்தைத் தாண்டி வந்து ஒருதரம் பணிந்துகொண்டால் போதும். அவர் மறுத்தார். மத்தேயுவின் கடைசி அதிகாரத்தில், கலிலேயாவில் ஒரு மலையின்மேல் நின்றுகொண்டு, "வானத்திலும் பூமியிலும் சகல அதிகாரமும் எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது" என்கிறார். இடையில் கெத்செமனேயும் சிலுவையும் இருக்கின்றன. பிலிப்பியர் 2-இல் பவுல் எழுதுகிற வரிசையும் அதுதான்: மரணபரியந்தம் கீழ்ப்படிந்தார், ஆதலால் தேவன் அவரை உயர்த்தினார். தேவகுமாரனுக்கே வழி இது என்றால், நம்மில் ஒருவருக்கு நியமனக் கடிதத்தினாலோ, பேச்சு வல்லமையினாலோ, சபை வளர்ந்த வேகத்தினாலோ அதிகாரம் வந்து நிலைத்துவிடும் என்று எப்படி நம்புவது?

இப்போது சவுலும் தாவீதும். உங்கள் போதகர் அந்தக் கதையை எடுத்தது நல்லது, முழுவதையும் வாசிக்க வேண்டும். இஸ்ரவேலின் முதல் ராஜாவான சவுல் அபிஷேகம் பெற்றவன்தான். அவனுடைய ராஜ்யம் எங்கே போனது? கில்காலில் ஏழு நாள் காத்திருந்தான். பலியிட வேண்டிய தீர்க்கதரிசி சாமுவேல் வரவில்லை, ஜனங்கள் சிதறத் தொடங்கினார்கள், பொறுக்க முடியாமல் தானே பலியிட்டான். அப்புறம் எல்லாவற்றையும் அழி என்ற கட்டளையோடு அமலேக்கியரிடம் போனபோது அவர்கள் ராஜா ஆகாகையும் நல்ல ஆடுமாடுகளையும் தப்பவிட்டு, இவை கர்த்தருக்குப் பலியிடத்தான் என்றான். நோக்கம் பக்தியாகத்தான் இருந்தது, கேட்பதற்கு. அங்கேதான் சாமுவேல் சொல்கிறார்: "பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதலும், ஆட்டுக்கடாக்களின் நிணத்தைப்பார்க்கிலும் செவிகொடுத்தலும் உத்தமம்." பிறகு சவுல் உண்மையைச் சொல்லிவிடுகிறான், ஜனங்களுக்குப் பயந்து அவர்கள் சொல்லைக் கேட்டேன் என்று. கடைசியில் அவன் கேட்டுக்கொள்வது மூப்பருக்கு முன்பாகத் தன்னைக் கனம்பண்ண வேண்டும் என்பது. உள்ளே அதிகாரம் போய்விட்டது, வெளியே மரியாதை மட்டும் மிஞ்ச வேண்டும் என்று கெஞ்சுகிற அந்த மனிதனைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

சவுல் துரத்திக்கொண்டிருந்த தாவீது, என்கேதியின் குகையில் அவன் கைக்கெட்டியும் அவனைக் கொல்லவில்லை. சரி. சால்வைத் தொங்கலை அறுத்ததற்கே அவன் மனம் அடித்துக்கொண்டது. ஆனால் அந்தத் தொங்கலை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, எல்லாரும் கேட்க, என்னிடத்தில் பொல்லாப்பு இல்லை, நீர் என் பிராணனை வேட்டையாடுகிறீர், கர்த்தர் நமக்கு நடுநின்று நியாயம் விசாரிப்பாராக என்று ராஜாவின் முகத்துக்கு நேராகச் சொல்கிறான். திரும்பவும் அரண்மனைக்குப் போகவும் இல்லை. கை போடாமல் இருந்தான், வாயை மூடிக்கொள்ளவில்லை.

அதே சவுல் காலத்தில் நடந்த இன்னொரு சம்பவத்தைப் பிரசங்கங்களில் நான் அதிகம் கேட்டதில்லை. 1 சாமுவேல் 22. தாவீதுக்கு அப்பம் கொடுத்தார்கள் என்று நோப் ஊரின் ஆசாரியர்களைக் கொல்லும்படி சவுல் தன் சேவகருக்குக் கட்டளையிடுகிறான். கட்டளையிடுகிறவன் அபிஷேகம் பெற்ற ராஜா. சேவகர் கை நீட்டவில்லை. எதிர்த்துக் கலகம் செய்யவும் இல்லை, மறுத்து நின்றார்கள், அவ்வளவுதான். ராஜாவின் வார்த்தைக்கு அன்றைக்கு அப்படியே கீழ்ப்படிந்தவன் ஏதோமியனான தோவேக்கு. 85 பேரை வெட்டினான். பெரியவர் சொன்னார், நான் செய்தேன், கணக்கு அவருடையது என்று தோவேக்குக்காக வேதம் எங்கேயாவது வாதாடுகிறதா?

ஜெபவாசல் சகோதரருக்கும் இதையே சொல்கிறேன், அன்போடு. 1 இராஜாக்கள் 13-ஐ வாசியுங்கள். யூதாவிலிருந்து வந்த தேவனுடைய மனுஷனுக்கு அங்கே அப்பம் புசிக்காதே, தண்ணீர் குடிக்காதே, வந்த வழியே திரும்பாதே என்று கர்த்தர் சொல்லியிருந்தார். ராஜா விருந்துக்கு அழைத்தபோது தைரியமாக மறுத்தவன், வயதான ஒரு தீர்க்கதரிசி வந்து தூதன் என்னிடம் சொன்னான் என்றதும் நம்பிப் போனான். அது பொய். வழியில் சிங்கம் அவனைக் கொன்றது. மூத்தவர் சொன்னார் என்பது அவனைக் காப்பாற்றவில்லை. கடினமான அதிகாரம் இது. வாசித்து முடித்தால் தூக்கம் வராது.

"அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதே" என்ற வசனத்துக்கும் வருகிறேன். அது சங்கீதம் 105:15. அதற்கு முந்தின வசனங்களில் யாரைப்பற்றிப் பேச்சு? கொஞ்சப்பேராய், பரதேசிகளாய், ஜாதி விட்டு ஜாதி அலைந்த ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு. யாரிடம் சொல்லப்பட்டது? ராஜாக்களிடம். பலமுள்ளவர்கள் பலமில்லாதவர்களுக்குத் தீங்கு செய்யாதபடி தேவன் போட்ட வேலி அது. அதைப் பிடுங்கி, கேள்வி கேட்கிறவனைச் சுற்றி நட்டால் எப்படி?

பணக்காரியத்தில் பவுல் எப்படி நடந்தார் என்றும் பாருங்கள். எருசலேமின் ஏழை விசுவாசிகளுக்காகச் சேர்த்த காணிக்கையை அவர் தனியாகக் கொண்டுபோகவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஒரு சகோதரனும் கூடவே போனான். இந்தத் தர்மப்பணத்தைக்குறித்து ஒருவரும் எங்கள்மேல் குற்றம் சொல்லக்கூடாது, கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாய் நடக்கப் பார்க்கிறோம் என்று 2 கொரிந்தியர் 8-இல் எழுதுகிறார். அப்போஸ்தலனே இப்படி. நீங்கள் கேட்டதும் இதைத்தானே, சபையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யலாமே என்று.

ஆகவே என் பதில்: போதகருக்கு உங்கள்மேல் அதிகாரம் உண்டு. தேவனுடைய வார்த்தையைச் சொல்லும்போது, திருத்தும்போது, சபையின் ஒழுங்குகளை நடத்தும்போது உண்டு. ஆராதனை நேரத்தை மாற்றச் சொன்னால் உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் மாற்றுங்கள். ஆனால் ஒருவருக்கென்று கொடுத்ததை மறைவாக வேறு கணக்கில் எழுது என்று சொல்லும் இடத்தில் அவர் தானே அதிகாரத்தின் கீழிருந்து வெளியே வந்துவிட்டார். அங்கே நீங்கள் மறுப்பது அவருடைய அதிகாரத்தை அல்ல, ஏனென்றால் அந்த ஒரு காரியத்தில் அவரிடம் அது இல்லை.

பதில்: மரியாளின் பிள்ளை

நான் கத்தோலிக்கச் சபையைச் சேர்ந்தவள். கீழ்ப்படிதல் எங்களிடம் துறவிகள் வார்த்தைப்பாடு கொடுத்து ஏற்கிற ஒன்று, அதனால் இதைப்பற்றி எங்கள் மரபில் நிறைய யோசித்திருக்கிறார்கள். 6-ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதிய துறவற ஒழுங்குமுறை கீழ்ப்படிதலைத் தாழ்மையின் முதல் படி என்கிறது. அதே ஒழுங்குமுறைதான், முக்கியமான காரியங்களில் மடாதிபதி எல்லாச் சகோதரர்களையும் கூட்டி ஆலோசனை கேட்க வேண்டும், ஏனென்றால் ஆண்டவர் பல நேரம் இளையவனுக்கே நல்லதை வெளிப்படுத்துகிறார் என்றும் சொல்கிறது. கட்டளையிடுகிறவரும் தேவனுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியவர் என்பதை அது அவருக்குத் திரும்பத் திரும்ப நினைவூட்டுகிறது.

13-ஆம் நூற்றாண்டில் எங்கள் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ், மேலதிகாரி சொல்வது தேவனுடைய கட்டளைக்கு விரோதமாக இருந்தால் கீழே இருப்பவர் கீழ்ப்படியக் கடமைப்பட்டவர் அல்ல என்று எழுதினார். ஒரு சபைத் தலைவரை அவருக்குக் கீழே இருப்பவர் திருத்தலாமா என்றும் கேட்டு, திருத்தலாம், ஆனால் மரியாதையோடும் சாந்தத்தோடும் என்கிறார். இதைப் பேசும்போது அவரும் கலாத்தியர் 2-ஐத்தான் எடுக்கிறார். அந்தியோகியாவில் பவுல் பேதுருவை முகமுகமாய் எதிர்த்தாரே, அந்தச் சம்பவம். நீங்கள் தனியாக இல்லை என்று சொல்லத்தான் இதை எழுதினேன், அண்ணா.

கேள்வி கேட்டவர்: சபைக் கணக்கன்

மூவருக்கும் நன்றி. ஆயர் ஐயா, நோபின் சேவகரைப்பற்றி நான் யோசித்ததே இல்லை. இரண்டு கேள்விகள் மிச்சம் இருக்கின்றன.

ஒன்று, கோராகு. அவனும் மறுத்தவன்தானே? நான் அவனைப்போல இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? இரண்டு, இந்த ஒரு காரியத்தில் அவர் தவறியிருந்தால் அவர் செய்த ஊழியம் எல்லாம் என்ன ஆவது? அவர் ஜெபித்து ஜனங்கள் சுகமானதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தேவன் அவரோடு இல்லையென்றால் அது எப்படி நடக்கும்?

பதில்: ஓய்வுபெற்ற ஆயர்

கோராகு என்ன கேட்டான் என்று பாருங்கள். சபையார் எல்லாரும் பரிசுத்தமானவர்கள், நீங்கள் மட்டும் ஏன் உங்களை உயர்த்துகிறீர்கள் என்று ஆரம்பித்தான். ஆனால் மோசே அவனுக்குக் கொடுத்த பதிலில் விஷயம் வெளியே வந்துவிடுகிறது: லேவியருடைய ஊழியம் போதாமல் ஆசாரியப்பட்டத்தையும் தேடுகிறீர்களோ? கோராகுக்கு மோசேயின் அண்ணன் ஆரோனின் ஆசாரிய இடம் வேண்டும். உங்களுக்குப் போதகரின் இடம் வேண்டுமா? அவரைத் தள்ளிவிட்டு உட்கார வேண்டும், நாலு பேரைச் சேர்க்க வேண்டும் என்ற எண்ணம் உள்ளே எங்காவது இருக்கிறதா? முழங்காலில் நின்று இதைக் கேளுங்கள். இருந்தால் முதலில் அதைக் கர்த்தரிடம் அறிக்கை செய்யுங்கள். இல்லையென்றால் கோராகைப்பற்றிப் பயப்பட வேண்டாம். அந்தக் கலகத்தில் மோசே என்ன செய்தார் என்பதும் அங்கேயே இருக்கிறது. முகங்குப்புற விழுந்தார். நான் அவர்களில் ஒருவனுடைய கழுதையைக்கூட எடுத்ததில்லை என்று தன் கணக்கைத் திறந்து வைத்தார். தேவனுக்குக் கீழே நிற்கிறவருக்குக் கணக்கைத் திறப்பதில் பயம் இராது.

இரண்டாவது கேள்வி எனக்கு மிகவும் முக்கியமானது. எண்ணாகமம் 20-இல் கன்மலையைப் பார்த்துப் பேசு என்று கர்த்தர் மோசேக்குச் சொன்னார். மோசே கோபத்தில் கோலால் இரண்டுதரம் அடித்தார். தண்ணீர் வந்ததா? ஏராளமாக வந்தது. ஜனங்களும் மிருகங்களும் குடித்தார்கள். அன்றைக்குக் கூட்டத்தில் நின்ற ஒருவனுக்கும் எதுவும் தவறிப்போனதாகத் தெரிந்திருக்காது. ஆனால் அந்த இடத்திலேதான் நீ இந்த ஜனத்தைத் தேசத்துக்குள் கொண்டுபோவதில்லை என்று தேவன் சொன்னார். தாகத்தோடிருந்த ஜனங்கள்மேல் வைத்த இரக்கத்தினால் தேவன் தண்ணீரைத் தந்தார். அது மோசேயின் கீழ்ப்படியாமைக்குப் போட்ட கையெழுத்து அல்ல. மத்தேயு 7-இல் உமது நாமத்தினாலே பிசாசுகளைத் துரத்தினோம், அற்புதங்கள் செய்தோம் என்று வந்தவர்களிடமும், பிதாவின் சித்தத்தைச் செய்தாயா என்பதே கேள்வி. சுகம் நடந்தது உண்மை. அதை வைத்து ஒரு கட்டளை சரியா தவறா என்று தீர்மானிக்க முடியாது.

அதேநேரம், அவர் தவறியதால் உங்கள் ஞானஸ்நானம் செல்லாமல் போகாது. 4-ஆம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவில் இதற்காகவே சபை உடைந்தது. உபத்திரவ காலத்தில் வேதச் சுருள்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்துவிட்ட ஆயர்களின் ஊழியம் செல்லாது என்று தொனாத்துவினர் பிரிந்துபோனார்கள். அங்கே ஆயராக இருந்த அகஸ்டின் பல வருடங்கள் அவர்களோடு வாதாடினார். ஞானஸ்நானம் கொடுக்கிறவர் கிறிஸ்து, மனிதன் அவருடைய கை மட்டுமே என்பது அவருடைய நிலை. உங்கள் அப்பாவின் படுக்கையருகே செய்த ஜெபம் உண்மையான ஜெபம். அதை எறிந்துவிடாதீர்கள்.

உண்மையான அதிகாரம் எப்படி இருக்கும் என்று எனக்குக் காட்டியவர் ஒரு போதகர் அல்ல. நான் ஊழியம் செய்த ஒரு சபையைப் பெருக்கிச் சுத்தம் செய்த அம்மா. எந்தக் கமிட்டியிலும் அவர் பெயர் இல்லை. அவருடைய நிலத்தை ஏமாற்றி எழுதி வாங்கிய உறவினர் வியாதியில் விழுந்தபோது, சத்துருவை நேசியுங்கள் என்று வாசித்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது என்று சொல்லி, அந்த வீட்டுக்குப் போய்க் கஞ்சி கொடுத்தார். அதற்கப்புறம் சபையில் யாருக்குள் சண்டை வந்தாலும் அவரிடம்தான் போனார்கள். ஒருமுறை மூப்பர்கள் கூட்டத்தில் எல்லாரும் கத்திக்கொண்டிருந்தபோது வாசலில் நின்று "ஜெபம் பண்ணிட்டுப் பேசுங்கய்யா" என்றார். நான் உட்பட எல்லாரும் அடங்கிவிட்டோம். அந்தச் சொல்லுக்கு அவ்வளவு எடை இருந்தது.

இனி செய்ய வேண்டியது. மத்தேயு 18 சொல்கிறபடி முதலில் தனியாகப் போங்கள். ஆராதனை முடிந்த பரபரப்பில் வேண்டாம், சாவகாசமான ஒரு சாயங்காலம் போங்கள். அப்பாவுக்காக அவர் ஜெபித்ததை நினைவுபடுத்தி நன்றி சொல்லுங்கள், அது தந்திரமாக அல்ல, நீங்கள் மெய்யாகவே நன்றியோடிருப்பதால். பிறகு தெளிவாகச் சொல்லுங்கள்: ஐயா, இந்தப் பணம் முழுவதும் அந்தக் குடும்பத்துக்குப் போகட்டும், அல்லது மீதியை என்ன செய்யலாம் என்று கொடுத்தவர்களிடமே கேட்போம், மறைவாக மாற்றி எழுத என்னால் முடியாது. அதுவரை பணத்தை அதே தலைப்பில் தனியாக வையுங்கள், உறைகளையும் எறியாதீர்கள். சபையில் வேறு யாரிடமும் பேசாதீர்கள், மனைவி தவிர.

அவர் கேட்காவிட்டால் ஒன்றிரண்டு மூப்பர்களோடு போங்கள். 1 தீமோத்தேயு 5-இல் மூப்பன்மேல் வரும் குற்றச்சாட்டுக்கு இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும் என்று பவுல் சொன்னது மூப்பனையும் காப்பாற்றுகிறது, உங்களையும் காப்பாற்றுகிறது. பொறுப்பைவிட்டு விலகு என்று சொன்னால் வாதாடாமல் விலகுங்கள், அந்தப் பொறுப்பைத் தருவதும் எடுப்பதும் சபையின் உரிமை. ஆனால் நோட்டைக் கொடுக்கும் முன் அன்றைய இருப்பை, இந்தக் காணிக்கை உட்பட, தலைப்பு வாரியாக எழுதி, உங்களோடு எண்ணுகிற அந்த இன்னொருவரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். எப்போது போகிறீர்கள் என்று எழுதுங்கள், அந்த நேரத்தில் ஜெபித்துக்கொண்டிருப்பேன்.

பதில்: ஜெபவாசல்

ஆயர் ஐயா, 1 இராஜாக்கள் 13-ஐ இன்று காலை வாசித்தேன். எபிரெயர் 13:17-ஐ நான் இன்னும் விடவில்லை, ஆனால் அதே அதிகாரத்தின் 7-ஆம் வசனம் அவர்களுடைய நடக்கையின் முடிவை நன்றாய்ச் சிந்தித்துப் பார்க்கச் சொல்கிறது என்பதையும் சேர்த்தே வாசிக்கிறேன். கணக்கன் சகோதரரே, நானும் ஜெபிக்கிறேன்.

கேள்வி கேட்டவர்: சபைக் கணக்கன்

வியாழன் சாயங்காலம் போகிறேன் ஐயா. போனில் கேட்டேன், வரச் சொல்லிவிட்டார். குரல் கோபமாக இல்லை.